சூடானால் ஆயில் பிரஷர் விழுகிறது: பம்பா, வால்வா?

பைக் 650 சிசி, இரட்டை சிலிண்டர், 2019 மாடல், 48,000 கிமீ. ஊர் மார்த்தாண்டம். மூன்று வாரமாக, குலசேகரம் வழி பேச்சிப்பாறை போய் நின்றால் ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுங்குகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் அணைந்துவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒன்றும் இல்லை.

ஆயில் அளவு சரி. கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் ஃபில்டரும் புதிது, அப்புறம் சென்சாரும் மாற்றியாச்சு. கடைசியில் மெக்கானிக் அண்ணன் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தார்: குளிர்ந்த எஞ்சினில் 45 பிஎஸ்ஐ, சூடான பிறகு ஐடிலிங்கில் 6, 3000 ஆர்பிஎம்மில் 22. ஆக, லைட் பொய் சொல்லவில்லை. வடித்த ஆயிலில் உலோகத்தூள் இல்லை, எஞ்சினில் தட்டும் சத்தமும் இல்லை. அப்பாவும் நானும் பணம் சேர்த்து வாங்கிய வண்டி, ஓட்டாமல் நிறுத்தியிருக்கிறேன்.

எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் முன் ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடுவது), ஆயில் பம்ப் இரண்டில் எதை முதலில் பார்க்கலாம்?