தலையில் அடிபட்டும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்: நம்ம டெல்டா அனுபவங்கள்

மன்னார்குடிக்காரன்:
சம்பா அறுவடை நேரம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்று பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தது. அதில்தான் சித்தப்பா வண்டி சறுக்கியது. ஹெல்மெட் இல்லை. எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். "ஒண்ணும் இல்லடா" என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சாயங்காலம் அறுப்பு மிஷினுக்கு வாடகை கொடுக்க நோட்டு எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாம் தடவையும். "எவ்வளவு சித்தப்பா?" என்றேன். நிமிர்ந்து என்னை யாரோ மாதிரி பார்த்தார். அப்புறம் வாந்தி. தஞ்சாவூர் போய்ச் சேரும்போது நினைவில்லை. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிழைத்துவிட்டார், வலது கைதான் சரியாக வரவில்லை. அவர் இரண்டாம் தடவை எண்ண ஆரம்பித்தபோதே நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்படி அடிபட்டால் மூளையைக் காப்பாற்ற உடனே போடுகிற ஊசி எதுவும் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாபநாசம் செவிலியர்:
ஊசி கேட்டுத்தான் எங்களிடம் சண்டைக்கே வருகிறார்கள் தம்பி. ஒரு ராத்திரி ஒரு பையனின் அப்பா ஸ்டீராய்டு மருந்தைப் பில்லோடு சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். மூளை வீக்கம் வடியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போட முடியாது என்றதும் என் காலில் விழக் குனிந்துவிட்டார். என் அப்பா வயசு. பிடித்து நிறுத்தினேன். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2004இல் வந்தது. 10,008 நோயாளிகள். மருந்து போட்டுக்கொண்ட நோயாளிகளில்தான் இறப்பு அதிகம். இதை அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே அனுப்பினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. டிரானெக்சாமிக் ஆசிட் என்று ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்து ஒன்று உண்டு. 2019 ஆய்வில், லேசான, நடுத்தரக் காயத்துக்கு 3 மணி நேரத்துக்குள் போட்டபோது இறப்பு குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை.

திருவையாறு பொண்ணு:
நான் எலிகளை வைத்து இதே ஆராய்ச்சி செய்தவள். அடிபட்ட நொடியில் சாகும் செல்களை யாராலும் மீட்க முடியாது. அடுத்த சில மணி நேரம், சில நாளில் இன்னொரு சேதம் நடக்கிறது. மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் குளுட்டமேட் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிக் கொட்டும், செல்லுக்குள் கால்சியம் நிறையும், வீக்கம் ஏறும். அதைத் தடுப்பதுதான் எங்கள் வேலை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ஸ்டைன், சில பெண் எலிகள் ஆண் எலிகளைவிட நன்றாகத் தேறுவதைக் கவனித்துப் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் பக்கம் வந்தார். எலியில் வேலை செய்தது. நாங்கள் எல்லோரும் நம்பினோம். 2014 டிசம்பரில் மனிதர்களிடம் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன, ஒன்றில் 882 பேர், இன்னொன்றில் 1,195 பேர். இரண்டிலும் பலன் இல்லை.

அடுத்த மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் தெருவில் ஒரு அத்தை, பையன் விபத்துக்குப் பிறகு படுத்த படுக்கை. கஞ்சி ஊட்டிக்கொண்டே, வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எலியை நடக்க வச்சீங்களாமே, அந்த மருந்தை இவனுக்கும் குடேன்டி." எங்கள் எலிகள் எல்லாம் ஒரே வயசு, ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் அடி, நேரம் பார்த்து மருந்து. மனிதர்கள் ஒவ்வொருவர் காயமும் வேறு. அதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் வரல அத்தை" என்றேன். "வந்தா மொதல்ல இவனுக்கு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மன்னார்குடி அண்ணா, நீங்கள் கேட்கும், மூளை செல்களையே காப்பாற்றும் ஊசி இன்னும் இல்லை. சித்தப்பாவைக் காப்பாற்றியது அந்த ஆபரேஷன்தான்.

நன்னிலம் ஆசிரியர்:
செவிலியர் அம்மா, சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மகன் உள்ளே கிடக்கிறான், அவர் வேறு என்ன செய்வார்? இரண்டு வரி சொல்லியிருக்கலாம். என் மாணவன் ஒருவன் படித்துறையில் வழுக்கிப் பின்மண்டையில் அடிபட்டான், கூடியிருந்தவர்கள் காயத்தில் காப்பித்தூளை அப்பிவிட்டார்கள். நல்லவேளை, பிழைத்தான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடிபட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீர், சோடா, காப்பி எதுவும் வேண்டாம். கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள், கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். குழறினால், சொன்னதையே சொன்னால், ஒரு கண் பாவை பெரிதானால் உடனே கிளம்புங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள். பணத்தை நினைத்துத் தயங்கவேண்டாம். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது.

பாபநாசம் செவிலியர்:
சார், அந்த ராத்திரி எங்கள் வார்டில் 2 பேர்தான் இருந்தோம். ஆனாலும் நீங்கள் சொன்னது சரி. இரண்டு வரி சொல்லியிருக்கலாம்.

மன்னார்குடிக்காரன்:
ஆசிரியர் ஐயா, தண்ணீர் சொம்பை எடுத்துக் கொடுத்ததே நான்தான். நேற்று மிஷின்காரர் வந்திருந்தார். சித்தப்பா இடது கையால் நோட்டுக்கட்டை என் பக்கம் தள்ளி, "நீயே எண்ணுடா" என்றார். எண்ணினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.