புதுப்பிப்பு: சினி லென்ஸா, மேக்ரோவா? முடிவு பண்ணியாச்சு

பத்தமடைப் பாய் நெசவைப் படம்பிடிக்க கம்மி வெளிச்சத்துலயும் வீடியோ எடுக்க ஏத்த 50 மிமீ டி1.5 சினி லென்ஸா, ரொம்பக் கிட்டப் போய் எடுக்கிற 100 மிமீ எஃப்2.8 மேக்ரோ லென்ஸான்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன் (டி, எஃப் எண் சின்னதா இருந்தா வெளிச்சம் நிறைய உள்ள வரும்). மேக்ரோவே வாங்கிட்டேன்.

தறி இருக்கிற அறையில வெளிச்சம் கம்மி, அதனால நிறையப் பேர் சினி லென்ஸைச் சொன்னீங்க. ஆனா எனக்கு வேணும்கிறது நூலாக் கீறின கோரை, தறியில நீளவாக்குல கட்டின பாவு நூலுக்குள்ள நுழையுற இடம். அவ்வளவு கிட்ட சினி லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. மேக்ரோவிலயும் ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, அதாவது பொருளோட நிஜ அளவே சென்சார்ல விழுறப்ப, வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் (நாலுல ஒரு பங்கா) குறையும், எஃப்2.8 கிட்டத்தட்ட எஃப்5.6 ஆயிரும். அதுக்குச் சின்ன எல்இடி விளக்கைப் பக்கவாட்டுல தாழ்வா வச்சேன். இழை இழையா நிழல் விழுந்து அவ்வளவு அழகு! நெய்யுற அக்காவே திரையைப் பார்த்துட்டு, "தம்பி, அந்த இழை பிசகியிருக்குல்லா?"ன்னாங்க.

கோயில் கொடையில ராத்திரி வில்லுப்பாட்டு எடுக்க சினி லென்ஸ்தான் சரி. அதை வாடகைக்கு எடுத்துக்கலாம்.