எட்டாம் ஹென்றி அரசவையில் கறுப்பின நடிகர்: வரலாற்றுப் பிழையா?

கேள்வி: 1511 லண்டனில் நடக்கும் கதை. அரசவை எக்காளக்காரராகக் கறுப்பினத்தவரை நடிக்க வைத்தால் பிழையா?

பதில் 1: பிழையே இல்லை. ஜான் பிளாங்க் என்று நிஜமாகவே ஒரு கறுப்பின அரசவை எக்காளக்காரர் இருந்தார். 1507 அரண்மனைக் கணக்கேட்டில் நாளுக்கு 8 பென்ஸ் வீதம் ஒரு மாதத்துக்கு 20 ஷில்லிங் சம்பளம் பதிவாகியிருக்கு. 1511இல் அரசவை நடத்திய வீரப் போட்டியைப் படமாக வரைந்த வெஸ்ட்மின்ஸ்டர் போட்டிச் சுருளில் இரண்டு இடத்தில் குதிரைமேல் வருகிறார். எக்காளக்காரர் ஆறு பேரில் தலைப்பாகை அவருக்கு மட்டும்தான். உடை விஷயத்தில் கோட்டை விடுவது அங்கேதான்.

பதில் 2: அதை வைத்து ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் போலின் வேடத்தில் கறுப்பின நடிகை வந்ததையும் நியாயப்படுத்தாதீங்க. 2021 தொடரில் ஜோடி டர்னர்-ஸ்மித் அந்த வேடத்தில் நடித்தது ஆவணத்தை வைத்துச் செய்த தேர்வு இல்லை. நடிகரின் அடையாளத்தை அறிந்தே வேடம் கொடுத்த கலைத் தேர்வு அது. பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். 'பிழை' என்பது அதற்குப் பொருந்தாத அளவுகோல்.

பதில் 3: கூட்டக் காட்சிக்கு ஆதாரம் தேடுறீங்கன்னா, இங்கிலாந்தின் பாரிஷ் பதிவேடுகள் (ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் தேவாலயப் பதிவுகள்) 1538இல்தான் தொடங்குது. அதுக்கு முந்தைய கதைக்கு அரண்மனைச் சம்பளக் கணக்கைத்தான் புரட்டணும். தோல் நிறத்துக்குச் சண்டை போடுறவங்க, அதே 1511 விருந்தில், அப்போ இங்கிலாந்துக்கு வந்தே சேராத உருளைக்கிழங்கைப் பரிமாறினா கண்டுக்கிறதே இல்லை!