சிப்பிப்பாறை நாய்க்குட்டி தெருவில் கயிற்றை இழுக்கிறது

கேள்வி: 4 மாசக் குட்டி, தடுப்பூசி முடிந்தது. வீட்டுக்குள் சொன்னதைக் கேட்கும். தெருவில் அணிலைக் கண்டால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் பட்டையை மாத்துங்க. இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், சாதாரணக் கழுத்துப்பட்டை பின்வாங்கினா கழன்றுடும். மார்டிங்கேல் பட்டை (இழுத்தா ஓரளவுக்கு மட்டும் இறுகுற கழுத்துப்பட்டை) அல்லது ஒய் வடிவ ஹார்னஸ் (நெஞ்சைச் சுத்தி மாட்டுற வார்), 2 மீட்டர் கயிறு வாங்குங்க. தானா நீளுற கயிறு வேண்டவே வேண்டாம், இழுத்தா நீளும்னு அதுவே கத்துக்கொடுத்துடும். கயிறு இறுகினதும் அப்படியே நில்லுங்க, பதிலுக்கு இழுக்காதீங்க. திரும்பிப் பார்த்து கயிறு தளர்ந்த நொடியில பாராட்டி, பட்டாணி அளவு வேகவச்ச கோழித்துண்டை உங்க கால் பக்கத்துல கொடுங்க. கையை முன்னால நீட்டிக் கொடுத்தா முன்னால ஓடத்தான் பழகும்.

பதில் 2: துரத்துறது வேட்டை நாய்க்குப் பிறவிக்குணம், திட்டிப் பயனில்லை. அந்த ஆசையை விளையாட்டாத் தீர்த்துவைங்க: குச்சி நுனியில கயிறு, கயிற்று நுனியில துணி முடிஞ்சு தரையோட இழுங்க. கவ்வினதும் "விடு"ன்னு சொல்லி மூக்குக்கிட்ட தீனி காட்டுங்க. விட்டா மறுபடி ஆட்டம். துணியைத் தூக்கிக் குதிக்க விடாதீங்க, வளர்ற மூட்டுக்கு ஆகாது.

கேட்டவர்: வெளியே கோழித்துண்டைக்கூட மோந்து பார்க்க மாட்டேங்குது.

பதில் 1: அப்போ அணில் ரொம்பக் கிட்ட இருக்கு. தீனி வாங்குற தூரம் வரைக்கும் விலகிப் போய் அங்கிருந்து தொடங்குங்க. இன்னொண்ணு, தார் ரோட்டுச் சூட்டுல புறங்கையை 7 நொடி வைக்க முடியலைன்னா குட்டியோட பாதமும் சுடும், அந்த நேரத்துல கூட்டிட்டுப் போகாதீங்க.