அப்பாவின் 555 புத்தகங்கள்

அப்பா காலமாகி, வருகிற மாதத்தோடு இரண்டு வருடம். பினாங்குத் துறைமுகத்தில் கிராணியாக முப்பது வருடம் மூட்டைக் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக் கணக்கை விடவில்லை. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன 555 புத்தகம், அதில் இரவு சாப்பிட்டதும் எழுதுவார். மீன் 8 வெள்ளி. காய்கறி 5 வெள்ளி 40 காசு.

போன வாரம் அலமாரியை ஒதுக்கியபோது எல்லாப் புத்தகங்களும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 2006இல் கோட்டைத் தொடுகிற குண்டு எழுத்து. 2008இல் வரி தொடங்கும்போது பெரிதாக இருந்து, போகப் போகச் சிறுத்துவிடுகிறது. 2010இல் எறும்பு ஊர்ந்த மாதிரி. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னது 2011இல்தான். எழுத்து பொடிசாகிறதே என்று நாங்கள் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தோம்.

கை நடுங்கினால்தான் பார்க்கின்சன் என்று நினைத்திருந்தோம். அப்பாவுக்கு முதலில் நடுக்கமே இல்லை. வலது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டச் சிரமப்பட்டார். ஒரு கிளினிக்கில் சாதாரணத் தோள் வலி என்றார்கள். தைலத்திலும் ஊசியிலும் ஒரு வருடம் போனது. மூளையில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய எழுத்து, நடை, குரல், முகம் எல்லாமே சேர்ந்து சுருங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த முகம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போதும் சிரித்த முகம் என்று பேர் எடுத்தவர். அத்தை மகள் கல்யாணத்தில் அவரைப் பார்த்துவிட்டு, “அவருக்கு நம்ம மேல என்ன கோபம்?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். கோபம் இல்லை, முகத் தசை அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும், காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கிற குரலில் அப்பா சொன்னார்: “நான் நல்லா சிரிச்சேன்மா.”

* * *

அக்கா, அதே முகத்தை எங்கள் பெரியப்பாவிடமும் பார்த்திருக்கிறேன். நாங்கள் கோலாலம்பூர், செந்தூல். எங்களுக்கு மருந்து நேரம்தான் பெரும் பாடு. பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையைக் காலையில் முட்டையோடு கொடுத்துக்கொண்டிருந்தோம். பதினோரு மணி வரை கட்டிலை விட்டு எழ மாட்டார். புரதம் அந்த மருந்தைச் சரியாகச் சேரவிடாது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள் என்று மருந்தகத்தில் ஒரு பெண் சொன்னார். அப்புறம் ஒன்பது மணிக்கே வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உங்கள் அப்பாவுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளுமா? பெரியப்பா கதவு நிலையில் அப்படியே நின்றுவிடுவார்.

* * *

ஒட்டிக்கொள்ளும் தம்பி. எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில் லிஃப்ட் வாசலில்தான் அதிகம். கதவு திறக்கும், மூடும், அப்பா நின்ற இடத்திலேயே நிற்பார். இழுக்கவோ தள்ளவோ செய்யாதீர்கள், விழுந்துவிடுவார். என் மகன் தன் பாதத்தைத் தாத்தாவின் காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பான். அதைத் தாண்டுவார், நடை வந்துவிடும். வீட்டுக்குள் அடிக்கு ஒரு கோடாக வெள்ளை டேப் ஒட்டினோம். அதுவும் உதவியது.

2019 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனோம். உறுமி அடித்துக்கொண்டு ஒரு காவடி எங்களைக் கடந்தது. அப்பா என் கையைப் பிடித்து எழுந்தார். அந்த அடிக்குச் சரியாகக் கால் எடுத்து வைத்து, தண்ணீர்ப் பந்தல் வரைக்கும் நடந்தார். தாளம் கேட்டால் சிலருக்குக் கால் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், கண்ணால் பார்த்தபோது அம்மா அழுதுவிட்டார்.

அன்றைய கணக்கும் டின்னில் இருந்தது. எனக்குப் படிக்க வரவில்லை. அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். தேங்காய் 6 வெள்ளி. பூ 2 வெள்ளி. நடந்தேன்.