பெங்களூரிலிருந்து நான்கு நாள்: தஞ்சை, குடந்தை, சிதம்பரம், மதுரை, இராமேசுவரம் ஆகுமா?

அல்சூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரியில் சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. நாங்கள் மூன்று தலைமுறையாக அல்சூரில் இருப்பவர்கள். 11 வயதாகும் என் மகள் சோழநாட்டை இன்னும் பார்த்ததில்லை. மூட்டுவலியுள்ள 74 வயதுத் தாயாரும் உடன் வருகிறார். வெள்ளி இரவு காரில் புறப்பட்டு, தலைப்பில் உள்ள ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டுச் செவ்வாய் இரவு வீடு திரும்புவதாகத் திட்டம். மகள் வார இறுதி வகுப்பில் இப்போதுதான் தமிழ் எழுத்துகளைக் கற்கிறாள் என்பதால், அவளுக்கும் ஈடுபாடு உண்டாகும்படி எதையாவது சேர்க்க விரும்புகிறேன்.

காவிரிப்பிள்ளை:
ஐயா, மதுரையையும் இராமேசுவரத்தையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். அவற்றுக்குத் தனியாக ஒருமுறை போகலாம். தொலைவைவிட உங்களை அதிகம் கட்டுப்படுத்தப் போவது நடை சாத்தும் நேரம்தான். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். நாங்கள் ஒருமுறை பதினொன்றே முக்காலுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய், சுடும் தரையில் குதிகாலால் ஓடி, கருவறையை எட்டிப் பார்ப்பதற்குள் திரை விழுந்துவிட்டது. காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில், நடுவே சாப்பாடும் உறக்கமும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் தாயாருக்கும் சிரமம் இராது.

கும்பகோணத்திலேயே தங்குங்கள். தாராசுரம் நான்கு கிலோமீட்டருக்குள். தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாலை வெயிலில் தாராசுரத்தின் தேர் மண்டபத்தைப் பார்க்க வேண்டும். அங்கே காளைக்கும் யானைக்கும் ஒரே தலை அமைந்த சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. உங்கள் மகள் அந்த இடத்தைவிட்டு எளிதில் நகரமாட்டாள்.

ஓசூர்சாலைப்பயணி:
வெள்ளி மாலை சில்க் போர்டையும் அத்திப்பள்ளியையும் தாண்டுவதற்குள்ளேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். தஞ்சாவூர் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டரை இரவில் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை எந்தக் கோயிலை ரசிப்பீர்கள்? மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக மயிலாடுதுறை மார்க்கமாகச் செல்லும் ரயிலில் மாலையில் ஏறினால், விடியற்காலையில் தஞ்சாவூரைத் தாண்டிக் கும்பகோணத்தில் இறங்கிவிடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், தாயாருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே போனபின் வாடகைக் கார் போதும்.

கல்வெட்டுப்பித்தன்:
மேலே சொன்னவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவரும் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லாதது எனக்கு வருத்தம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்தால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். தந்தை இராசராசன் 1010இல் முடித்த தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் விறைத்து நிற்க, மகன் இராசேந்திரன் எழுப்பியது உட்குழிந்து வளைந்து ஏறுவதை ஒரே பயணத்தில் பார்த்தால்தான் இரண்டின் அருமையும் விளங்கும். கூட்டமும் குறைவு. அங்கிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் மகளுக்கு வேண்டியது பெரிய கோயிலின் அடித்தளத்திலேயே இருக்கிறது. தானும், தன் அக்கனும் (தமக்கையும்), தன் பெண்டுகளும், மற்றவர்களும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லிலே வெட்டும்படி இராசராசன் இட்ட ஆணையின்படி, விமானத்தைச் சுற்றிலும் வரிவரியாக எழுத்துகள் ஓடுகின்றன; ஆடல் மகளிர் நானூறு பேருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை அவற்றில் பதிவாகியிருக்கிறது. புள்ளிகள் பெரும்பாலும் இராமையால் முழுச் சொல்லாகப் படிப்பது கடினம். எனினும் ‘ட’, ‘ப’ போன்றவை இன்றைய வடிவத்துக்கு நெருக்கமாகவே இருப்பதால், எத்தனை ‘ப’ கிடைக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கல்லைத் தொடாமல் பார்க்கப் பழக்குவது நல்லது.

அல்சூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. ரயில் முடிவாகிவிட்டது, மதுரையும் இராமேசுவரமும் போய்விட்டன. முதல் நாள் ஓய்வும் தாராசுரமும், இரண்டாம் நாள் தஞ்சை, மூன்றாம் நாள் கங்கைகொண்ட சோழபுரமும் சிதம்பரமும் என்று மாற்றியிருக்கிறேன். கடைசி நாளை அம்மா தாமே எடுத்துக்கொண்டார்: சுவாமிமலை முருகனைப் பார்க்காமல் திரும்பமாட்டாராம். அங்கே 60 படிகள் உண்டே என்று மூட்டுவலியை நினைவூட்டினேன். பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுக்கு ஒரு படி என்பது தமக்குத் தெரியும் என்றும், கர ஆண்டில் பிறந்தவரான தாம் 25ஆம் படியில் சற்று உட்கார்ந்துவிட்டு ஏறிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.