டிரோலிங் மோட்டார் வயரிங்: யாருக்காவது இப்படி நடந்ததா?

தூண்டில்தம்பி:
ரைஸ் லேக் ஏரி, போன ஆகஸ்ட். சித்தப்பாவின் 14 அடி அலுமினியப் படகு. டிரோலிங் மோட்டார், அதாவது படகை மெதுவாக ஓட்டும் மின்மோட்டார், 55 பவுண்டு உந்துவிசை, முன்னுக்கு, பற்றரி பின்னுக்கு. அந்த மாதத்தில் அங்கே பாசி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மோட்டார் முனகியது, கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் மணம். பெட்டியைத் திறந்தால் பிளஸ் முனையில் விங் நட் (கையால் திருகும் நட்) லூசாக ஆடுது, அடியில் ஈயம் உருகி ஒரு சொட்டாகத் தொங்குது. 60 ஆம்ப் பிரேக்கர், புதுசு. அது ஆஃப் ஆகி விழவே இல்லை! ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.

கழிமுகம்_மணி:
டூப்ளிகேட் பிரேக்கராக இருக்கும் தம்பி. பழவேற்காட்டில் நண்பர் ஒருவர் ரப்பர் படகுக்கு வீட்டு வயரையே இழுத்திருந்தார். உறையைச் சீவினால் ஒரு அடி உள்ளே வரைக்கும் செம்பு கறுத்துக் கிடந்தது. அதனால் சொல்கிறேன்: ஈயம் பூசிய செம்பு வயர்தான் வாங்கணும், 16 சதுர மில்லிமீட்டர். லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) நல்ல கிரிம்பிங் டூலில் அழுத்தணும், கட்டிங் பிளேயரால் நசுக்கக் கூடாது. மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய். பிரேக்கர் பிளஸ் வயரில், பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள். பேட்டரிப் பெட்டியை இறுக மூடி வைத்து சார்ஜ் போடாதீங்க, ஹைட்ரஜன் சேரும். அப்புறம் பேட்டரியை வாரால் கட்டுங்க. லைஃப் ஜாக்கெட்டும் போடுங்க.

எட்வின்_வயர்மேன்:
மணி அண்ணே, பிரேக்கர் மேல் பழியைப் போடாதீங்க. அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால்தான் அது விழும். லூஸ் கனெக்‌ஷனில் கரன்ட் கூடாது, அந்த ஒரு இடத்தில் தடைதான் கூடும். 40 ஆம்ப் ஓடும்போது முனையில் 0.02 ஓம் இருந்தாலே 32 வாட் சூடு. சால்டரிங் அயர்னை பேட்டரி மேல் சாய்த்து வைத்த மாதிரி. எந்த பிரேக்கருக்கும் அது தெரியாது. கொச்சியில் 24 வோல்ட் படகு ஒன்றில் வேலை நடக்கும்போது, இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து முனைக்கு ரப்பர் மூடி போடாத பேட்டரியில் கை வைப்பதில்லை.

கழிமுகம்_மணி:
சரி, லூஸ்தான் காரணம். டூப்ளிகேட்டும் சந்தையில் நிறைய வருது, அதையும் மறுக்காதீங்க.

தூண்டில்தம்பி:
நன்றி எட்வின் அண்ணா. சித்தப்பா விங் நட்டை எறிந்துவிட்டு நைலான் வளையம் உள்ள நட் போட்டுவிட்டார். ஆனால் பிரேக்கர் முன்னுக்கு, மோட்டார் பக்கத்தில்தான் இருக்கு. மாற்றச் சொன்னால் “வேலை செய்யுதுதானே” என்கிறார்.

எட்வின்_வயர்மேன்:
அப்போ பின்னாலிருந்து முன்னால் வரை ஓடுகிற வயருக்குப் பாதுகாப்பே இல்லை. வழியில் எங்காவது தோல் உரசி மைனஸில் பட்டால், வயர்தான் எரியும். சித்தப்பாவிடம் இதைக் காட்டுங்க.